உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல்

மாடசாமியின் ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றால் ஆள் கம்பெனி பஸ் ஏறிவிட்டான் என்று அர்த்தம். இரண்டு தடவை அடித்து நின்றால் ஓவர்டைம், சோற்றை மூடி வை. அதற்கு மேலும் அடித்தால்தான் எடுக்க வேண்டும். அப்படி அடித்ததே கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து விஷ்ராந்த்வாடியில் குடித்தனம் போட்ட நாள் முதல் அந்த வீட்டில் இதுதான் சட்டம். "பேசுததுக்குத்தான் வீட்டுக்கு வாரேம்லா, பொறவு ஃபோன்ல என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு" என்பான். ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் ஃபோனை உள்ளே விடமாட்டார்கள். வாசல் லாக்கரில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஷிப்டு முடிந்து வந்து அதை எடுத்தவுடன் வீட்டுக்கு ஒரு அடி கொடுப்பான். அந்த அடி கேட்டதும் பெண்டாட்டி பாமா பச்சரிசியைக் களைந்து குக்கரில் போடுவாள்.

இவ்வளவு கறாரான மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாமா அனுப்பிய மெசேஜ் ஒன்றைக்கூட அழிக்கமாட்டான். மகள் வைஷுவுக்கு முதல் பல் விழுந்தது, வைஷு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தது, வரும்போது ரவை வாங்கி வரச் சொன்னது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அந்தப் பழைய ஃபோனில் அடைந்து கிடந்தன. பெட்டி நிறைந்துவிட்டது, புது மெசேஜ் வர இடமில்லை என்று மேலே ஒரு கடிதக் கவர் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

"சவத்த, நாலஞ்ச அழிச்சாத்தான் என்ன?" என்று பாமா கத்துவாள்.

"எத அழிக்கச் சொல்லுத?"

"ரவ வாங்கிட்டு வரச் சொன்னத அழிங்க. அதுவும் பொக்கிஷமா?"

அவன் உதட்டைப் பிதுக்கி ஒன்றை மட்டும் அழிப்பான். அடுத்த மெசேஜ் வந்ததும் பெட்டி மறுபடி நிறைந்துவிடும். அது பாட்டுக்கு மினுக்கட்டும் என்று பாமாவும் விட்டுவிட்டாள். அப்படி விட்டது எவ்வளவு பெரிய பிசகு என்பது பன்றிக் காய்ச்சல் வந்த ஆகஸ்டில்தான் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த ஊர் பயந்த பயத்தைச் சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் கிடையாது. கைக்குட்டை, துப்பட்டா, சேலை முந்தி என்று ஆளாளுக்கு அகப்பட்டதை மூக்கில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கர்ப்பூரமும் ஏலக்காயும் துணியில் முடிந்து முகர்ந்து பார்த்தால் நோய் வராது என்று யாரோ சொல்ல, மளிகைக் கடையில் கர்ப்பூரம் தீர்ந்து போயிற்று. பஸ்ஸில் ஒருத்தர் இருமினால் முன்னும் பின்னும் சீட்டுகள் காலியாகும். மழையோ விடாமல் பெய்தது. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி ஒரு கை பிள்ளையின் நெற்றியிலேயே இருந்தது.

பாமா வேலை பார்த்தது ஆளந்தி ரோட்டுப் பக்கம் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஆபீஸில். வைஷு அங்கேதான் மூன்றாவது படித்தாள். காய்ச்சலுக்குப் பயந்து மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது நிர்மல் என்கிற ஒரு தகப்பன் ஒரு காரியம் செய்துகொடுத்தான். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை, கோயம்புத்தூர்க்காரன், மரியாதையான பையன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் பெற்றோர் ஃபோனுக்கெல்லாம் மெசேஜ் போய்விடும். ஒரு வகுப்புக்குத் தனியாக, ஒரு வீட்டுக்குத் தனியாகக்கூட அனுப்பலாம். "அவசரத்துக்கு ஆவுமுங்க அக்கா" என்று பாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

முதல் வாரமே அதில் ஒரு விவகாரம். பாங்கில் வேலை பார்க்கும் சூர்யநாராயணனின் மகனுக்கு உடம்பு சுட்டது. பையன் பேரைப் போட்டு அவன் வகுப்பு முழுவதுக்கும் மெசேஜ் போயிற்று. சாயங்காலத்துக்குள் அவர்கள் இருந்த அடுக்குமாடி சொசைட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரன் பாக்கெட்டை கேட்டிலேயே வைத்துவிட்டு ஓடினான். பாத்திரம் தேய்க்கிற பாயி வரவில்லை. பக்கத்து வீட்டார் வாசலில் பினாயிலை ஊற்றினார்கள். பையனுக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல். அதற்குள் அவன் அம்மா சந்திரிகா ஆபீஸில் வந்து உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்துப் பிரின்சிபால் ரீனா மேடத்துக்கே கண் கலங்கிவிட்டது. இனிமேல் எந்த மெசேஜிலும் பேர் கூடாது, 'உங்கள் குழந்தை' என்று மட்டும் போட்டால் போதும், போகிற வீட்டுக்குத் தெரியாதா என்று உத்தரவு போட்டார். நல்ல மனசோடு போட்ட உத்தரவுதான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை டீச்சர் அழைத்து வந்தாள். கண் சிவந்து, தொட்டால் சுட்டது. டிராயிங் அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். "பாமா, மெசேஜ் அனுப்பு, ஜல்தி" என்றார் ரீனா மேடம். முந்தின நாள்தான் எல்லாப் பிள்ளைகளும் கைக்குட்டை கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கூடம் முழுவதுக்கும் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டர் அந்த 'எல்லாருக்கும்' என்பதை மறக்காமல் வைத்திருந்தது. பாமா பார்க்கவில்லை. தட்டிவிட்டாள்.

'உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல். தனி அறையில் வைத்திருக்கிறோம். உடனே வரவும்.'

பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை வீட்டுக்கும் போயிற்று. பேர் இல்லையே, எல்லோருக்கும் அது அவரவர் பிள்ளைதான்.

முதலில் ஆபீஸ் ஃபோன் அடித்தது. வைத்ததும் அடித்தது. பிறகு வைக்கவே முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்படி ஒரு சத்தத்தை பாமா அதற்கு முன் கேட்டதில்லை. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த தாய்மார்கள், பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு வந்த ஒரு ஆள், ஒரு காலில் செருப்பில்லாத ஒரு அம்மா. வாட்ச்மேன் காம்ப்ளே காகா கேட்டைப் பிடித்துக்கொண்டு "ஏக் மினிட், ஏக் மினிட்" என்று மன்றாடினார். கேட்டோடு சேர்த்து அவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மாடியில் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தங்கள் அம்மாக்கள் அழுவதைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று அவையும் அழ ஆரம்பித்தன. ஒரு தகப்பன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "காய்ச்சலே இல்லையே, காய்ச்சலே இல்லையே" என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, சந்தோஷப்படக்கூடத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

ரீனா மேடம் மெகாபோனில் தொண்டை கிழியக் கத்தினார். நிர்மல் மகர்பட்டாவிலிருந்தே, 'முந்தைய செய்தி தவறு, எல்லாக் குழந்தைகளும் நலம்' என்று அடுத்த மெசேஜை அனுப்பினான். கூட்டம் கலைய மத்தியானம் ஆயிற்று. அந்த நாலாம் வகுப்புப் பையனை அவன் வீட்டார் அழைத்துப் போனார்கள், அவனுக்கும் வெறும் சளிக் காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. பாமா வாங்கிய ஏச்சை இங்கே எழுதி முடியாது. மராத்தியில், இந்தியில், இங்கிலீஷில் வாங்கினாள். தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், தான் செய்த தப்புதானே. கூட்டம் போன பிறகு பாத்ரூமில் முகம் கழுவும்போதுதான் திக்கென்று உறைத்தது. வைஷுவும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே. மாடசாமி ஃபோனுக்கும் அது போயிருக்குமே!

முந்தின நாள் ராத்திரி, இவள் போட்ட சண்டையில், அவன் அந்தக் கைக்குட்டை மெசேஜ் ஒன்றை மட்டும் அழித்திருந்தான். ஒன்றுக்குத்தான் இடம். முதல் மெசேஜ் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். தவறு என்று சொன்ன மெசேஜ் வாசலிலேயே நிற்கும்.

"ஏ யம்மா" என்று பாமா ஆபீஸுக்கு ஓடினாள்.

ஃபாக்டரி கேட்டுக்கு ஃபோன் போட்டாள். செக்யூரிட்டி எடுத்தான். உள்ளே வேலை செய்கிற ஆளைக் கூப்பிட முடியாது என்றான்.

"ரொம்ப அவசரம், பாய்சாப்."

"யாராவது செத்துப் போயிட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"காய்ச்சல்னு மெசேஜ் வந்திருக்கும். அது பொய், பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைனு மட்டும் சொல்லிடுங்க."

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கா அவசரம்?" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, சொல்லிவிடுகிறேன் என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாமா கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள். ஷிப்டு மாறும்போது செக்யூரிட்டியும் மாறுவான் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

மாடசாமி வெளியே வருகிற நேரம் ஆனது. பாமா ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். அந்த ஒரு அடி வரவில்லை. இவளே கூப்பிட்டாள். என்கேஜ்டு. திரும்பக் கூப்பிட்டாள். என்கேஜ்டு. அவனும் இதே நேரத்தில் இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும், அவனுக்கும் இவள் என்கேஜ்டு என்பதும் பின்னால்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்து நம்பர் அன்று முழுக்க யாருக்குமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் ஃபோன் அணைந்தே போயிற்று. மத்தியானத்திலிருந்து இவள் லாக்கருக்குள் அடித்த அடியில் அந்தக் கிழட்டு பாட்டரி செத்துவிட்டது.

வைஷுவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றாள். எப்படியும் இங்கேதானே வருவான். மழை சரம் சரமாக இறங்கியது. ஃபாக்டரியிலிருந்து வருகிற நகர் ரோட்டில் லாரிகள் போகிற போக்கு அவளுக்குத் தெரியும். பஸ் இறங்கி, சந்தன் நகரில் போட்டிருக்கும் பைக்கை எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற நினைப்போடு ஓட்டுகிறவன் எந்த லாரியைப் பார்ப்பான்?

"அம்மா, அப்பா ஏன் இன்னும் ஆயா நஹீ?" என்றாள் வைஷு. அவள் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் பாஷை இந்திக்கு மாறிவிடும்.

"வருவாக. நீ மழையில நனையாத."

"பாமாதாயி, வீட்டுக்குப் போ" என்றார் காம்ப்ளே காகா. "வந்தா நான் சொல்றேன். பிள்ளைக்கு நெசமாவே காய்ச்சல் வந்துரும்."

வீட்டுக்குப் போனாள். குக்கரை ஏற்றவில்லை. அந்த அடி வராமல் எப்படி ஏற்றுவது? இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் கிரில் கேட்டைத் திறக்கப் போனாள்.

"தெறக்காத!"

மாடசாமி படித் திருப்பத்தில் நின்றிருந்தான். தலை முதல் கால் வரை ஈரம். கைக்குட்டை கழுத்தில் கிடந்தது. அவன் கண் இவளைப் பார்க்கவில்லை, இவளுக்குப் பின்னால் பார்த்தது. அங்கே வைஷு, கையில் பிஸ்கட்டோடு.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லேல்லா?"

"ஒண்ணுமில்லங்க. அது தப்பா போன மெசேஜ். நான்தான்... எங்க போயிருந்திய? உசுரே போயிட்டு எனக்கு!"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்து, முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். பாமா கேட்டைத் திறக்கப் போனாள்.

"தெறக்காதங்கேன்! நான் நாயுடு ஆஸ்பத்திரியில இருந்து வாரேன்."

காய்ச்சல்காரர்களையெல்லாம் கொண்டுபோன ஆஸ்பத்திரி அது. பாமாவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

"அங்க எதுக்குப் போனிய? மெசேஜ்ல பள்ளிக்கூடத்துக்குல்லா வரச் சொல்லியிருந்துச்சு?"

"காலையில வந்த மெசேஜ்டி. நான் பாக்கும்போது நாலு மணி ஆவப்போவுது. அதுவரைக்குமா பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாக? உனக்குப் போட்டேன், கெடைக்கல. பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன், கெடைக்கல. நீ பிள்ளையத் தூக்கிட்டு அங்க போயிட்டன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாக."

"கேட்ல ஒருத்தன் உங்கட்ட வந்து சொல்லலையா?"

"எவனும் சொல்லல."

"படுபாவி."

"லைன்ல பாத்தேன், உள்ள பாத்தேன், மழையில வெளிய நின்னவுகள எல்லாம் பாத்தேன். எல்லாம் மூஞ்சிய மூடிட்டு இருக்கு, யாருன்னு தெரியுது? வைஷ்ணவி, வைஷ்ணவின்னு கத்துனேன். துணிய எறக்குனாத்தானே சத்தம் வருது." அவன் நிறுத்தி, மூக்கைத் துடைத்தான். "ஒரு ஓரத்துல ஒரு பிள்ள. இதே மாதிரி யூனிஃபாரம். இதே ரெட்டச் சடை. பெஞ்சுல தனியா சுருண்டு கெடந்துச்சு. ஓடிப்போய்த் தூக்கிட்டேன். தூக்கி நெஞ்சோட அணைச்சுட்டேன் பாமா. தீயாட்டம் சுட்டுச்சு. அப்புறந்தான் மூஞ்சியயும் சட்டை பேட்ஜயும் பாக்கேன், வேற பள்ளிக்கூடம், நம்ம பிள்ள இல்ல."

பாமா வைஷுவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"கீழ எறக்கி விடணும்லா? எறக்க முடியல. அதுக்க அப்பன் மருந்துச் சீட்டு வாங்கப் போயிருக்கான். அது என் கழுத்தக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கு. இருமுது, இருமுது, என் மூஞ்சிலேயே இருமுது. அவன் வார வரைக்கும் தூக்கிட்டே நின்னேன். எப்படி எறக்கி விட?"

"வைஷு, நீ உள்ள போ" என்றாள் பாமா.

"நான் மேல டாங்க் ரூம்ல படுத்துக்கிடுதேன். நீயும் வராத, பிள்ளையும் வரக்கூடாது. சோத்தப் படியில வச்சிட்டுப் போ."

"எத்தன நாளைக்கு?"

"எனக்கு என்னட்டி தெரியும்?"

மொட்டை மாடியில் தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய ஜன்னல் கட்டைகளும் கொசுவும் குடியிருக்கும் இடம். ஒரு பாயோடு மாடசாமி அங்கே ஏறினான். பாமா ரசமும் சோறும் படியில் வைப்பாள். தட்டைத் தொடுகிற சத்தம் கேட்டபின் இறங்குவாள். அவன் வேலைக்குப் போகவில்லை. காலையில் ஒரு அடி, சாயங்காலம் ஒரு அடி, ஒரே கட்டடத்துக்குள் மேலிருந்து கீழே மிஸ்டு கால். ஒரு அடி என்றால் சுகம். பாமா பள்ளிக்கூடத்துக்குப் போய், பேசாமல் வேலையைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பொய் மெசேஜை அனுப்பிய விரலை அவ்வப்போது பார்த்துக்கொள்வாள். மனசுக்குள் ஒரே கணக்குதான்: இல்லாத காய்ச்சலுக்கு அந்த மனுஷனை ஓடவிட்டேன், இருக்கிற காய்ச்சலின் மடியில் போய் விழுந்துவிட்டார்.

ஒரு காலையில் அடி வரவில்லை. மாடியில் இருமல் கேட்டது.

"ஏங்க!" என்று படியில் நின்று கத்தினாள்.

"கொஞ்சம் சுடுது" என்று மேலிருந்து பதில் வந்தது. "நீ பதறாத. நானே பைக்ல போயிருதேன்."

"நானும் வாரேன்."

"நீ எங்க வார? பிள்ளைய ஆரு பாப்பா? தள்ளி நில்லு, நான் எறங்கணும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தொடாமல் அவன் இறங்கிப் போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை என்று மெசேஜ் அனுப்பினான். பாமா ரீனா மேடத்துக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொல்லி, தானும் வைஷுவும் வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

இரண்டு நாளில் வதந்தி கிளம்பிற்று. பள்ளிக்கூடத்தில் யாருக்கோ வந்துவிட்டதாம், மறைக்கிறார்களாம். ஒரு டீச்சர் என்றார்கள், ஆயா என்றார்கள், ஒரு பிள்ளை செத்தேபோயிற்று என்றும் சொன்னார்கள். ஏற்கனவே ஒரு தடவை சூடுபட்ட பெற்றோர். மறுநாள் காலை கேட்டுக்கு எல்லோரும் திரண்டு வரப்போகிறார்கள் என்று காம்ப்ளே காகா காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் ரீனா மேடமும் நிர்மலும் ஆபீஸிலிருந்து பாமாவைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, இப்ப சிஸ்டத்த மாத்திட்டேனுங்க" என்றான் நிர்மல். "யாருக்குப் போகணும்னு ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதோணும். எழுதினாலும் ஒடனே போகாது. மேடம் ஃபோனுக்கும் உங்க ஃபோனுக்கும் மொதல்ல வரும். ரெண்டு பேரும் சரின்னு பதில் போட்டாத்தான் மத்தவங்களுக்குப் போகும். அன்னிக்கு மாதிரி இனி ஆகாதுங்க."

"என்ன அனுப்பப் போறிய?"

"மேடம் எழுதியிருக்காங்க. 'பள்ளியோடு தொடர்புடைய ஒருவருக்குக் காய்ச்சல் என்று சந்தேகம். பயப்பட வேண்டாம்.' அவ்வளவுதானுங்க."

ஹாலில் வைஷு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நிர்மல் தம்பி, அந்த ஒருவர் யாரு?"

"பேர் போடக் கூடாதுங்களே அக்கா."

"அப்ப எல்லாரும் அவங்கவங்க பிள்ளையோட டீச்சர்னு நெனைப்பாங்க. அவங்கவங்க பஸ் டிரைவர்னு நெனைப்பாங்க. பயப்பட வேண்டாம்னு எவன் சொன்னாலும் அப்பத்தான் பயம் கூடும். அன்னிக்கு நான் தப்பா தட்டுனேன், அது என் பிசகு. ஆனா அதுல ஒரு பேர் இருந்திருந்தா ஒரு வீட்டுக்காரங்கதான் ஓடி வந்திருப்பாங்க. எங்க வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டாரு."

ரீனா மேடம் ஃபோனை வாங்கினார். இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பாமா, சந்திரிகா வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். நீ வாடகை வீட்டில் இருக்கிறாய். பெண் குழந்தையோடு தனியாக இருக்கிறாய்."

"தெரியும் மேடம்."

"பயமா இல்லையா?"

"ரொம்பப் பயமா இருக்கு" என்றாள் பாமா. "எழுதிக்கோங்க, சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல நிர்மல் எழுதினான். மெசேஜ் ரொம்ப நீளமாகப் போகும் என்றான். போகட்டும் என்றாள். ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில் அவள் கையில் இருந்த ஃபோன் கிணுங்கிற்று. எல்லாப் பெற்றோருக்கும் என்று மேலே இருந்தது. கீழே:

'நம் பள்ளி ஆபீஸ் பாமாவின் கணவர் மாடசாமிக்குக் காய்ச்சல். நாயுடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சோதனை முடிவு வரவில்லை. அவர் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலுக்கு முன்பிருந்தே வீட்டில் யாரையும் தொடவில்லை. பாமாவும் மூன்றாம் வகுப்பு மகள் வைஷ்ணவியும் நலம், வீட்டிலேயே இருக்கிறார்கள். பள்ளியில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் இல்லை. நீங்கள் வர வேண்டாம். கேட்க வேண்டுமானால் பாமாவையே கேளுங்கள்.' அடியில் அவள் நம்பர்.

மூன்று தடவை படித்தாள். மகள் பேர் வந்த இடத்தில் விரல் நின்றது. வைஷு தலை நிமிர்ந்து, "க்யா ஹுவா அம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சரி என்று பதில் போட்டாள்.

கீழ் வீட்டில் முதலில் கிணுங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம். பிறகு மாடியில். எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் ஒன்று திறந்தது, மூடியது. படியில் யாரோ ஏறி வந்து, இவள் கதவுக்கு முன்னால் நின்று, திரும்பி இறங்கினார்கள். கீழ் வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பாமா வைஷுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பினாயில் வாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மழை வாசம்தான் வந்தது.

காலையில் பால் பாக்கெட் கட்டடத்து கேட்டிலேயே கிடந்தது. போய் எடுத்து வந்தாள். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்துக்கு காம்ப்ளே காகா ஃபோன் பண்ணினார்.

"பாமாதாயி, கேட்ல ஒருத்தரும் இல்ல."

"யாருமேயா?"

"பிள்ளைங்க வந்தாங்க, உள்ள போயிட்டாங்க. கூட்டமே இல்ல. நான் லத்தியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்." அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. "சந்திரிகா மேடம் வந்து, உன்கிட்ட ஏதாவது வேணுமான்னு கேக்கச் சொன்னாங்க."

நன்றி சொல்லிவிட்டு ஃபோனை மடியில் வைத்தாள். இன்னும் மாடசாமியின் அடி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தினம் காலையில் ஒரு அடி கொடுத்துவிடுவான். இன்று நேரமாகிவிட்டது. அவள் அடுப்படிக்குப் போனாள், வந்தாள், வைஷுவின் நெற்றியைத் தொட்டாள், மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

ஃபோன் அடித்தது. மாடசாமிதான். ஒரு அடி. நிற்கட்டும், நின்றுவிடட்டும் என்று மூச்சைப் பிடித்தாள். நிற்கவில்லை. இரண்டு. அதற்கு மேலும் அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அப்படி அடித்ததே இல்லை. எடுக்கும்போது அவள் கை ஈரத்தில் வழுக்கியது.

"என்னங்க? என்ன சொல்லுதாக? ரிசல்ட் வந்துட்டா?"

"இன்னும் வரல." குரல் கம்மி, இருமலில் உடைந்தது. "உன் பள்ளிக்கூடத்து மெசேஜ் ராத்திரி புடிச்சு மினுக்கிட்டுக் கெடந்துச்சு. எடமில்ல. பொறவு அந்தப் பழச அழிச்சேன்."

"எந்தப் பழச?"

"உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல்னு வந்தத. அழிச்சதும் அது தப்புன்னு சொன்னது வந்துச்சு. அதையும் அழிச்சப்பொறவுதான் இது வந்துச்சு. வாசிச்சேன். என் பேரப் போட்டிருக்க."

"ஆமாங்க. கோவமா?"

"என்ன கோவம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வாசிச்சுக் காட்டுனேன்." இருமி அடங்கினான். "பாமா, பிள்ளைக்கு ஒண்ணுமில்லேல்லா?"

"அதான் மெசேஜ்லயே போட்டிருக்கேனே."

"போட்டிருக்க. இருந்தாலும் நீ சொல்லு."

"ஒண்ணுமில்லங்க. இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. பால் குடிச்சா. நெத்தி ஜில்லுனு இருக்கு." அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். முடியவில்லை. "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. அதான் முழுசா அடிச்சேன்."

ஃபோனுக்குள் யாரோ இருமினார்கள், ஒரு டிராலி உருண்டு போயிற்று. இவள் பழக்கதோஷத்தில் வைத்துவிடப் போனாள்.

"வைக்காத" என்றான் மாடசாமி. "பேசாட்டியும் பரவால்ல. கொஞ்ச நேரம் அப்படியே இரு."